என் பெயரில் வேலைக்குப் போனவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தால்தான், மூன்று மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த வேலையை ஐந்தே நிமிடத்தில் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ இடுப்பு முறிந்திருக்கும், யாருக்கோ கல்லீரல் வீங்கியிருக்கும். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணை நாங்கள் போட வேண்டும். நோயாளியின் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். இரண்டரை வருடம் பெயரில்லாத உடம்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்களுக்கு மட்டும் பெயர் கட்டாயம். அந்த அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு ஆளுக்கும் பரீட்சை வைத்து, தேறியவர்களின் பெயரில் மட்டும்தான் வேலையை அனுப்புவார்கள். எங்கள் ஆபீஸில் அப்படித் தேறியவர்கள் ஆறே பேர். அதில் நான் ஒருத்தி.

மூன்றாம் மாத ஸ்கேன் முடிந்ததும் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"நம்ம கம்பெனில பழக்கம் என்னன்னாம்மா, லேடீஸ் ரிசைன் பண்ணிட்டுப் போயிடுவாங்க. குழந்தை பொறந்து ஒரு வருஷம் கழிச்சு திரும்ப வருவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஆறு மாசம் லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்கே சார்?"

"ஏம்மா சட்டம் கிட்டம்னு? நாம ஒரு ஃபேமிலி மாதிரி பழகுறோம்."

"எங்க ஃபேமிலில யாரும் புள்ளத்தாச்சிய வெளிய போன்னு சொன்னதில்ல சார்."

அவர் மேஜையிலிருந்த தாளையே எடுத்து, அவர் பேனாவாலேயே ராஜினாமா எழுதி, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டேன். நோட்டீஸ் காலம்கூட வேண்டாம், இன்றே போகலாம் என்று அவர் அவ்வளவு இனிப்பாகச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். அவர் என்னைத் துரத்தியிருந்தால் சட்டம் என் பக்கம் நின்றிருக்கும். நானே என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு வார லீவு போச்சு.

வீட்டில் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் வாய்க்கு அல்லாதான் ஒரு பூட்டு போடணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மறுநாளே வேலை தேட ஆரம்பித்தேன்.

வயிற்றுப் பிள்ளைக்கு நாலரை மாதம் ஆனபோது காட்டாங்குளத்தூர் பக்கம் அதே மாதிரி ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தொளதொளச் சுடிதாரும் பெரிய துப்பட்டாவுமாகப் போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறாம் மாதம் வயிறு தானே சொல்லிவிட்டது. அங்கே ஹெச்.ஆர். ஒரு சின்னப் பெண். முகம் சுளிக்காமல் விளக்கினாள். பிரசவத் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்தில் இந்தக் கம்பெனியில் எண்பது நாளாவது வேலை செய்திருந்தால் முழு லீவும் உண்டு, பழைய கம்பெனியில் உழைத்த நாள் இங்கே சேராது. அன்றிலிருந்து எண்பதுதான் எனக்கு மூச்சு. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாகச் சுழித்துக்கொண்டு வந்தேன். காய்ச்சல் வந்தாலும் போனேன், கால் வீங்கினாலும் போனேன்.

பல்லாவரத்திலிருந்து மின்சார ரயில். தாம்பரம் தாண்டினால் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். வயிற்றைப் பார்த்ததும் யாராவது ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்துவிடுவாள். ஒரு நாள் ஊரப்பாக்கம் தாண்டும்போது கைபேசி அதிர்ந்தது. பழைய ஆபீஸின் வருகைப் பதிவு ஆப். வேலையை விட்ட அன்றே அதன் அறிவிப்பை நிறுத்தியிருந்தேன், அழிக்க மறந்துபோயிருந்தேன்; முந்தின இரவு கைபேசி அப்டேட் ஆனதில் அறிவிப்பு திரும்பவும் உயிர் பெற்றிருந்தது. என் பெயரைப் போட்டு வணக்கம் சொல்லி, "உங்கள் வருகை பதிவாகிவிட்டது, காலை 9.04" என்று இருந்தது.

ஏதோ பழைய செய்தி இப்போது வந்து தொலைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் தேதி இன்றைய தேதி. சாயங்காலம் திரும்பும்போது இன்னொன்று வந்தது. நான் ஆறு பத்துக்கு வெளியேறிவிட்டேனாம். மறுநாள் 9.02. அதற்கு மறுநாள் 9.07, தாமதத்துக்கு எச்சரிக்கையுடன்.

அந்த ஆபீஸில் விரலை வைத்தால்தான் கதவு திறக்கும். என் விரல் என்னோடுதான் இருந்தது. ரயில் கம்பியைப் பிடித்திருந்த என் ஆள்காட்டி விரலை நான் திருப்பித் திருப்பிப் பார்த்ததை எதிரே இருந்த பெண் விநோதமாகப் பார்த்தாள்.

அன்றைக்கே பழைய ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். யாரும் எடுக்கவில்லை. மெயில் அனுப்பினேன். பதிலில்லை. வேறு சமயமாக இருந்தால் நேரே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஒரு நாள் லீவு போட்டால் எண்பதில் ஒன்று குறையுமே என்று விட்டுவிட்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

ஆப்பைத் திறந்து உள்ளே போனால் நாள் முழுக்க நான் என்ன செய்தேன் என்று இருந்தது. சிஸ்டத்தை விட்டு எழுந்தால் இடைவேளை என்று பதியும். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று இடைவேளை எடுத்தாலே அதிகம். இப்போது அங்கே இருந்த 'நான்' பதினொன்று எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஒன்று, பத்து ஐம்பதுக்கு ஒன்று, பதினொன்றே முக்காலுக்கு ஒன்று. நாலு நிமிடம், ஐந்து நிமிடம். அந்த நேரங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் அதே போலத்தான் காட்டாங்குளத்தூரில் நானும் எழுந்து எழுந்து பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே இருப்பது எதுவானாலும், அதற்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

மாமியாரிடம் காட்டினேன். அவர் கைபேசியைத் தொடக்கூட இல்லை. "ஷைத்தான் வேலையா இருக்கும். அந்த எழவ அழிச்சிடு" என்று சொல்லி, தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கக் கொடுத்தார். குடித்தேன். ஆனால் அழிக்கவில்லை. காலையில் ஒன்பது மணி ஆனால் கை தானாகக் கைபேசிக்குப் போகும். செய்தி வரத் தாமதமானால் மனசு அடித்துக்கொள்ளும், அவளுக்கு என்னமோ ஆகிவிட்டதோ என்று. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்றுகூட ஒரு நாள் சந்தேகம் வந்தது.

எழுபத்திரண்டாவது நாள் ஹெச்.ஆர். பெண் என்னைக் கூப்பிட்டாள். லீவு விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்தாள்.

"மேம், உங்க பி.எஃப். ரெக்கார்டுல பழைய கம்பெனி நீங்க விலகின தேதியே போடல. போன மாசம்கூட உங்க பேர்ல கட்டியிருக்காங்க. நீங்க ரெண்டு இடத்துலயும் வேலை பாக்குறீங்களா?"

"ஏம்மா, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு ஒரு இடத்துக்கு வர்றதே பெரும்பாடு. இதுல ரெண்டு இடமா?"

"எனக்குப் புரியுது மேம். ஆனா ஆடிட்ல கேப்பாங்க. திங்கட்கிழமைக்குள்ள பழைய கம்பெனியிலேருந்து லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லன்னா இது ஒழுங்கு நடவடிக்கையா போயிடும். லீவு இல்ல, வேலையும் இருக்காது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சந்தை நாளானதால் பல்லாவரத்தில் ரயில் ஏறவே முடியவில்லை. மூட்டைகளுக்கு நடுவே வயிற்றைக் காத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டைல்ஸ் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் புது வாட்ச்மேன் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று என் பெயரைச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"அவங்க காலைலயே வந்துட்டாங்களேம்மா. மேல கீறாங்க."

"நான்தாங்க அது."

"இன்னாம்மா காலங்காத்தால வெளாடற? தோ பாரு, ஒம்பது மணிக்கு கையெழுத்து போட்டுக்கினு போயிருக்காங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு. நான்தான் மொள்ள ஏறும்மான்னு சொன்னேன்."

நோட்டை என் பக்கம் திருப்பினேன். ரிஜிஸ்டரில் என் பெயர். என் கையெழுத்து இல்லை, ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் போட்டது போல இருந்தது. அவர் இன்டர்காமில் பேசினார். "மேடம், ஒங்க பேர்லயே ஒரு அம்மா வந்து குந்திகினு கீறாங்க, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடி. ஒரு படி இறங்கி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. நான் எப்படி இறங்குவேனோ அப்படியே. முதலில் வயிறுதான் தெரிந்தது. ஆறு மாதம் இருக்கும். அதன்மேல் கிடந்தது என் அடையாள அட்டை. அட்டையில் என் முகம், முக்காடு போட்ட என் முகம். அதற்கு மேலே இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாக வேறொரு முகம்.

அவள் பயப்படவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அக்கா, நீங்கதானா? ஒங்க மூஞ்ச தெனம் பாத்துகினுதான் கீறேன். போட்டோவவிட நேர்ல நல்லா கீறீங்க."

அவள் அனகாபுத்தூர்க்காரி. நான் ராஜினாமா எழுதிய மறுநாளே வேலைக்கு வந்திருக்கிறாள். அமெரிக்காவில் புது ஆளுக்குப் பரீட்சை வைத்து ஒத்துக்கொள்ள ஆறு ஏழு மாதம் ஆகும். அதுவரைக்கும் என் நாற்காலி காலியாக இருந்தால் அந்த வேலை கைவிட்டுப் போகும். அதனால் என் ஊழியர் எண்ணில் இவள் விரலைப் பதிந்து, என் அட்டையை மாட்டி, என் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்து, சீக்கிரம் சொந்தப் பெயருக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது அவளுக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாதாம்.

"மொதல்ல ஒங்க பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பவே மாட்டேன், திட்டுவாங்க. இப்ப வூட்ல எங்க வூட்டுக்காரர் என் பேரச் சொல்லிக் கூப்ட்டாதான் யாரையோ கூப்புடுறாருன்னு நெனைச்சிக்கிறேன்" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கட்டில் குளிர் காற்று எதுவும் வீசவில்லை, ஆனாலும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நான் மேலே ஏறப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, சண்டை கிண்டை போட்டுடாதீங்க. எண்பது நாள் வேலை பாத்தா லீவு குடுத்தே ஆவணுமாமே? எனக்கு இன்னியோட நூத்தி நாலு ஆச்சு. நான் எண்ணிகினுதான் வர்றேன்."

அவள் கை சூடாக இருந்தது. அந்த நூற்று நான்கு நாளும் என் பெயரில் இருக்கிறது, உனக்கு ஒன்றுகூட இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யாரிடமும் முகத்துக்கு நேரே பேசிவிடும் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியேறினேன்.

மேனேஜர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார், ஜூஸ் வரவழைத்தார். நான் கத்தினேன். போலீஸுக்குப் போவேன், லேபர் ஆபீஸுக்குப் போவேன், அமெரிக்காக்காரனுக்கே மெயில் போடுவேன் என்றேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "போங்கம்மா. ஆனா விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ரெக்கார்டுல நீங்க ரெண்டு கம்பெனிலயும்தான் இருப்பீங்க. ஒங்களுக்குத் திங்கட்கிழமைக்குள்ள வேணும்ல?" என்றார்.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. புதுக் கம்பெனியிலிருந்து அவருக்கும் போன் வந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். இன்ன தேதியில் நான் விலகினேன். அதன் பிறகு என் எண்ணில் பதிவான வருகை எல்லாம் இயந்திரக் கோளாறு. அந்த நாட்களில் என் இருக்கையில் யாரும் வேலை செய்யவில்லை. இதை எழுதிக் கொடுத்தால் விலகிய தேதியை அன்றே திருத்தி, கடிதமும் கையோடு கிடைக்கும்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணும்மா?"

அவருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் என் நாற்காலி. அதற்குள் அவள் மேலே வந்து அதில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். இடுப்பில் ஒரு கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அங்கே நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா என்று.

நான் எழுதினேன். என் வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது, திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது, அவள் யாரோ நான் யாரோ. இப்படி எத்தனை சமாதானம் சொன்னாலும் எழுதியது நான்தான். "அந்த ஆப்பையும் அழிச்சிடுங்கம்மா, பின்னாடி பேஜாரு" என்றார். அந்த நூற்று நான்கு நாளுக்கும் வந்த நேரம், போன நேரம், எழுந்து நடந்த நேரம் எல்லாம் அதில்தான் இருந்தது. அதையும் அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவருமே திரும்பினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். ஒரு படிகூட நிற்காமல் இறங்கிவிட்டேன்.

எண்பது நாள் முடிந்தது. எட்டு நாள் கூடவே போனேன். இருபத்தாறு வாரம் லீவு ஒரு நாள் குறையாமல் கிடைத்தது. பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனபோது தடுப்பூசி போட ஒரு நாள் காலையில் கிளம்பினோம். பல்லாவரம் ஸ்டேஷனில் மாமியார் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது போலிருந்தது. திரும்பினால் அவள். வயிறு இல்லை. முகம் பாதியாக இளைத்திருந்தது. கையில் பை, கழுத்தில் அட்டை.

"பொண்ணா அக்கா?" என்று குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். "எனக்குப் பையன். அம்மா வூட்ல வுட்டுட்டு வர்றேன். இருவத்தி ரெண்டாம் நாளே கூப்ட்டுட்டாங்க."

பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும் ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. லீவில் வீட்டிலிருந்தபோது உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருந்தேன். ஆனால் கணக்கில் பார்க்கப் போனால் அங்கே வேலை செய்கிற எவளுக்கும் பிரசவம் ஆகவில்லை. அவள் அட்டையைப் பார்த்தேன். அதில் என் முகம் இல்லை, வேறொரு பெண்ணின் முகம் இருந்தது.

"இப்ப வேற பேரு அக்கா. அந்தப் பொண்ணும் போன மாசம் நின்னுடுச்சு" என்றாள். பிறகு, ஏதோ நெடுநாள் சந்தேகத்தைக் கேட்பது போல என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"நான் லீவு கேட்டேன் அக்கா. இத்தினி நாளா அந்த சீட்ல யாருமே வேலை பாக்கலன்னு ஒரு லெட்டர் காட்னாங்க. யாரோ கைப்பட எழுதிக் குடுத்துகீறாங்க. பேர மட்டும் மறைச்சுட்டாங்க. பக்கத்துல குந்தி வேலை பாத்தவங்கள எல்லாம் கேட்டுட்டேன், யாரும் இல்லன்றாங்க. யாரு அக்கா அப்டி எழுதியிருப்பாங்க?"

"தெரியலையேம்மா" என்றேன்.

தோளில் கிடந்த குழந்தை பசித்து வீறிட்டது. நான் முதுகைத் தட்டினேன், அடங்கவில்லை. அவள் சட்டென்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அதற்குள் அவள் சுடிதாரின் முன்பக்கம் பாலில் நனைந்துவிட்டிருந்தது.